இசக்கியப்பன் பேரில் ஒரு குரல்

கல்லூரி அறிவிப்புப் பலகையில், ஆங்கிலப் பேச்சில் முதலிடம் என்று இசக்கியப்பனின் பெயர் மூன்று மாதமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. பக்கத்தில் பாஸ்போர்ட் அளவுப் படம், தலையைப் படிய வாரி, ஏதோ தப்பு செய்துவிட்டுப் பிடிபட்ட முகத்தோடு. தப்பு செய்தது உண்மைதான். பிடிபடவில்லை, அவ்வளவே. அந்த மூன்று மாதத்தில் அவன் வாயிலிருந்து ஓர் ஆங்கில வாக்கியம்கூட முழுசாக வெளியே வந்ததில்லை.

பாளையங்கோட்டைப் பக்கத்துத் தனியார் கல்லூரி அது. கடைசி வருஷப் பிள்ளைகள் எல்லாரும் ஆங்கிலம் பேசியே தீர வேண்டும் என்று நிர்வாகம் முடிவு கட்டி, ஒரு ஆப்பைக் கட்டாயமாக்கியது. நிறுவனம் அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாது. திரையில் ஒரு மைனா உட்கார்ந்திருந்ததால் பிள்ளைகளுக்கு அது மைனா. மைனா ஒரு வாக்கியத்தைக் காட்டும், நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் சிறகடித்துக் குதிக்கும். தப்பாக இருந்தால் தலையைச் சிறகுக்குள் செருகிக்கொள்ளும். மொத்தம் நூற்றிருபது பாடம்.

இந்த மைனாவுக்கு நெல்லைப் பக்கத்து நாக்கு கொஞ்சமும் பிடிபடவில்லை. கல்லிடைக்குறிச்சியில் கிளம்பி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக வரும் கல்லூரிப் பஸ்ஸில் கடைசி வருஷக்காரர்கள் பதினெட்டுப் பேர். முதல் வாரம் பஸ் அல்லோலகல்லோலப்பட்டது. மகேஷ் ஒரே வாக்கியத்தை இருபது தடவை கத்தியதில், டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "ஏலே, பின்னால யாருக்கு என்ன செய்யுது?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

அன்றைக்குப் பத்தமடையில் ஏறிய ஷமீம்தான் கைகொடுத்தாள். ஷமீமுக்குக் கிரிக்கெட் பைத்தியம். எந்த நாட்டு மேட்ச் என்றாலும் ஆங்கில வர்ணனையோடுதான் பார்ப்பாள், கூடவே வாயையும் அசைப்பாள். பள்ளிக்கூடம் சொல்லித்தராததை அந்த வர்ணனையாளர்கள் சம்பளம் வாங்காமல் சொல்லித்தந்திருந்தார்கள். "கொண்டா இங்கன" என்று மகேஷின் ஃபோனை வாங்கி ஒரே மூச்சில் சொன்னாள். மைனா குதித்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? தண்ணீர் லாரி வந்த தெருவில் குடங்கள் நீளுவதுபோல் ஃபோன்கள் நீண்டன.

அதுவே பஸ்ஸின் வழக்கமாகிவிட்டது. பெண்கள் முன்பாதி, பையன்கள் பின்பாதி. பத்தமடை தாண்டியதும் ஃபோன்கள் கைமாறிக் கைமாறி ஷமீமின் மடிக்கு வந்து சேரும். ஆளுக்கு இரண்டு நிமிடம், ஒரு பாடம். ஷமீமுக்கு நேர் பின்னால், பையன்கள் பாதியின் முதல் சீட்டு இசக்கியப்பனுடையது, ஆகவே முதலில் போய்ச் சேருவது அவன் ஃபோன். தொண்டை புதுசாக இருக்கும்போது படித்ததால் அவனுக்குத் தொண்ணூற்றெட்டு. கடைசி சீட்டில் தூங்கி வழியும் பெர்லினுக்கு எண்பத்திரண்டு. அவனுடைய முதலிடத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

பதினேழு ஃபோன் முடியவும் பாளையங்கோட்டை வரவும் சரியாக இருக்கும். பதினெட்டாவது ஃபோன் ஷமீமுடையது, அதன் முறை வந்ததே இல்லை. சாயங்காலம் பார்க்கலாமென்றால் டிரைவர் பாட்டை அலறவிடுவார், மைனாவுக்கு ஒன்றும் கேட்காது. வீட்டில் தம்பி ஃபோனைக் கையிலிருந்து இறக்குவதில்லை. பந்தி பரிமாறுகிறவள் கடைசியில்தானே சாப்பிட உட்காருவாள்! "நம்மளுக்கு என்ன, ரெண்டு நாள் உக்காந்தா முடிஞ்சிரும்" என்பாள் ஷமீம். அதை எல்லாரும் நம்பினார்கள். நம்புவது வசதியாகவும் இருந்தது.

இதற்கிடையே ஆங்கிலத் துறை ஜெய்சன் சார் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கினார். இணையவழி ஆங்கிலத் தளங்கள் பற்றி மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது தலைப்பு. இருபது கேள்விகளோடு ஒரு படிவம் வந்தது. மகேஷ் முதலில் நிரப்பி பஸ் குரூப்பில் போட்டான். எல்லாக் கேள்விக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்'. மற்றவர்கள் அதைப் பார்த்தே எழுதினார்கள். நல்லதாக நாலு வார்த்தை சொல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது?

படிவத்தில் வராத கருத்தெல்லாம் பஸ்ஸில் வந்தது.

"ஏர்போர்ட்டுல பெட்டி தொலஞ்சா என்ன சொல்லணும்னு எட்டு பாடம் வச்சிருக்கான்," என்றான் மகேஷ். "நான் இதுவரைக்கும் தொலச்சது சேரன்மாதேவி பஸ்ஸ்டாண்டுல ஒரு குடை. அத எப்படிக் கேக்கதுன்னு ஒரு பாடமும் இல்ல."

"தப்புன்னா என்ன தப்புன்னு சொல்லணும்லா? மூஞ்சிய மட்டும் திருப்பிக்கிடுது, எங்க அத்த மாதிரி," என்றான் பெர்லின்.

ப்ரியா மட்டும் மைனாவுக்குப் பரிந்து வந்தாள். "அது சிரிக்காதுல்லா? கிளாஸ்ல நான் வாயத் தொறந்தா நீங்க எப்படிச் சிரிப்பிய! அதுக்கு இது எவ்வளவோ தேவல."

"நல்ல ஆப்புதான். ஒருத்தி மட்டும் பேசிப் பழகுததுக்கு," என்றாள் ஷமீம், கையிலிருந்த ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏ ஃபர்ஸ்ட் மார்க்கு, நீ சொல்லுலே!" என்று மகேஷ் இசக்கியப்பனைச் சீண்டினான்.

"எனக்கு அதப் பத்தி என்ன தெரியும்?" என்றான் இசக்கியப்பன். பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்த பிறகு ஏதோ உறுத்தியது.

அந்த வாரம்தான் செய்தி வந்தது. வண்ணார்பேட்டையில் ஒரு நிறுவனம் புதிதாக அலுவலகம் திறக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் ஃபோனில் பேசும் வேலை, பத்து இடம். மைனாவில் எண்பதுக்கு மேல் வாங்கியவர்களின் பட்டியல் திங்கட்கிழமை சாயங்காலம் நாலரைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஷமீமுக்கென்றே செய்தாற்போன்ற வேலை. அவளுடைய வாப்பா ஷேக் மைதீனுக்கு முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கடையைத் திறக்க, மூட, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவள் ஊரில் இருந்தாக வேண்டும். சென்னையில் கிடைக்கும் வேலை அவளுக்கு உதவாது. தினமும் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இப்படி ஒன்று இனி எப்போது வருமோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்லூரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, முதன்முதலாகத் தன் ஃபோனில் மைனாவைத் திறந்தாள். முதல் வாக்கியத்தைச் சொன்னாள்.

மைனா குதிக்கவும் இல்லை, தலையைச் செருகவும் இல்லை. திரையில் சிவப்பாக ஓர் அறிவிப்பு வந்தது. இந்தக் குரல் வேறொரு மாணவருக்கு உரியது. பெயர்: இசக்கியப்பன், மூன்றாம் ஆண்டு பி.காம்.

சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஷமீமும் சிரித்தாள். "அடப்பாவி, என் தொண்டைய உம் பேருல பட்டா போட்டுட்டியே!" என்றாள். பிறகு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசினாள். பேசப்பேச அவள் முகம் மாறுவதை இசக்கியப்பன் பார்த்துக்கொண்டே நின்றான்.

முந்தின நாள்தான் மைனாவுக்குப் புதுப் புத்தி வந்திருந்தது. இனிமேல் புதிதாகப் பாடம் செய்கிற எவருடைய குரலையும் அது சரிபார்க்கும். ஒரு குரலுக்கு ஒரு பெயர், அந்தக் குரலில் எல்லாப் பாடத்தையும் முதலில் முடித்தவர் பெயர். பாடத்தையெல்லாம் முடித்துவிட்டவர்களின் பழைய பதிவுகள் பக்கம் அது திரும்பிப் பார்க்காது. அப்படியானால் குரலை விடுவிக்க என்ன வழி? இசக்கியப்பன் ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து, தன் சொந்தக் குரலில் பத்து வாக்கியம் சொல்ல வேண்டும். பழைய மதிப்பெண் அழிந்துபோகும். அந்தப் பத்து வாக்கியத்துக்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் இனி அவனுக்கு.

ஷமீம் ஃபோனை வைத்தாள். அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சரி விடு, பாத்துக்கிடலாம்" என்று பையை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். இரண்டு திட்டு திட்டியிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கேட்காமல் போனதுதான் கொன்றது.

மகேஷ் அவன் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போனான். "ஏலே, நல்லவன் வேஷம் போட்டுறாத. நீ போயி வாயத் தொறந்தா, எப்படி வந்துச்சு இந்தக் குரலுன்னு சாரு நோண்டுவாரு. பதினேழு பேருக்கும் சங்குதான். பாத்துக்கோ."

சங்கு ஒருபக்கம் கிடக்கட்டும், வீட்டில் அம்மா அன்னத்தாய் வேறு. அப்பளம் போடும் இடத்தில் மகனின் தொண்ணூற்றெட்டை அவள் சொல்லாத ஆள் பாக்கியில்லை. தெருவில் யாருக்குப் பாங்கியிலிருந்து ஆங்கிலக் கடிதம் வந்தாலும் நேரே இவன் வீட்டுக்குத்தான் வரும். இவன் வாங்கி உள்ளே கொண்டுபோய், மொழிபெயர்க்கும் ஆப்பில் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, வெளியே வந்து கம்பீரமாகச் சொல்வான். வண்ணார்பேட்டை வேலை தனக்குக் கிடைக்காது என்று அவனுக்கே தெரியும். நேர்முகத்தில் முதல் கேள்வியிலேயே முழி பிதுங்கிவிடும். ஆனால் கிடைக்காமல் போவது வேறு, பட்டியலின் முதல் பெயரை அடித்துவிட்டு நிற்பது வேறு அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆற்றுக்குப் போனான். படித்துறையில் துவைக்கிறவர்களும் குளிக்கிறவர்களுமாகக் கலகலவென்று இருந்தது. சற்றுத் தள்ளிப் போய் ஒரு பாறையில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் ஃபோனில் மைனாவைத் திறந்தான். பேசித்தான் பார்ப்போமே, எவ்வளவு மோசமாகத்தான் இருந்துவிடும்? ரயில் இன்றைக்குத் தாமதம் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். ஐந்தே வார்த்தை. சொன்னான்.

சிவப்பு அறிவிப்பு வந்தது. இது இசக்கியப்பனின் குரல் அல்ல.

மறுபடி சொன்னான். இசக்கியப்பனின் குரல் அல்ல. தொண்டையைக் கனைத்து, சத்தத்தைக் கூட்டி, இன்னொரு தடவை. அல்ல. "நாந்தாம்லே இசக்கியப்பன்!" என்று ஃபோனைப் பார்த்துக் கத்தினான். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் நிமிர்ந்து, "அதுக்கு என்னப்பா இப்ப? யாரு இல்லன்னா?" என்று கேட்டாள். அவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கூடவே கோபமும் வந்தது. மைனா மேல் அல்ல. இருபது வயசுக்கு, தன் பெயரில் தனக்கென்று ஒரு குரல்கூட இல்லாமல் போனதே என்று தன் மேலேயே வந்த கோபம். அங்கேயே முடிவு செய்துவிட்டான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஜெய்சன் சார் அறைக்குள் நுழைந்தபோது, சார் எழுந்தே நின்றுவிட்டார். "வாலே வா! பட்டியல்ல முதப் பேரு நீதான். என் கட்டுரையில மூணாம் பக்கம் பூரா உன்னப் பத்திதான் எழுதியிருக்கேன், தெரியுமா?"

"சார், அந்த மூணாம் பக்கத்தக் கிழிச்சிருங்க," என்றான் இசக்கியப்பன். பிறகு நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னான். ஷமீமின் குரல், தன் பெயர், சிவப்பு அறிவிப்பு, நாலரை மணிப் பட்டியல்.

சார் நாற்காலியில் பைய உட்கார்ந்தார். அவருடைய எட்டு மாத உழைப்பு அந்த மேஜையில் கட்டாகக் கிடந்தது. அதை ஓரமாகத் தள்ளி வைத்தார். "மத்தவனுவ?" என்றார்.

"என்னைய மட்டும் கேளுங்க சார்."

"நீ சொல்லவே வேண்டாம். குரல நான் கேட்டதில்ல, ஆனா குறிப்பு அத்தனையிலயும் பின்னால பஸ் ஹாரன் சத்தம்னு ஆப்பு எழுதி வச்சிருக்கு. எல்லாப் பயலும் ஒண்ணா உக்காந்து படிக்கானுவன்னு நெனச்சு, அதையும் ஒரு நல்ல விஷயம்னு எழுதித் தொலச்சிட்டேன்." தலையில் கைவைத்துக்கொண்டார். சிரித்தாரா, நொந்துகொண்டாரா என்று இசக்கியப்பனுக்குத் தெரியவில்லை. "சரி, உக்காரு. பத்து வாக்கியம்."

ஜன்னலுக்கு வெளியே மகேஷும் பெர்லினும் இன்னும் நாலைந்து பேரும் வந்து ஒட்டிக்கொண்டார்கள். இசக்கியப்பன் முதல் வாக்கியத்தைச் சொன்னான். மைனா தலையைச் செருகியது. இரண்டாவது, அதுவும் அப்படியே. மூன்றாவதில் நடுவில் ஒரு வார்த்தையை விழுங்கிவிட்டான், ஜன்னலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவன் காதெல்லாம் சூடானது. நிறுத்திவிடலாமா என்று இருந்தது. நிறுத்தினால் குரல் விடுபடாது. நாலாவதைச் சொன்னான். ஐந்தாவதைச் சொன்னான். எட்டாவது வாக்கியத்தில் மைனாவுக்கு என்ன தோன்றியதோ, சின்னதாக ஒரு சிறகை மட்டும் அசைத்தது. பத்தாவது முடிந்ததும் திரையில் எண் வந்தது. பதினாலு.

அடுத்த நொடி சார் ஷமீமை வரச் சொல்லி ஆளனுப்பினார். அவள் வந்ததும் முதலில் திட்டுத்தான். "உதவி செய்யுததுக்கும் ஒரு அளவு இருக்கும்மா! பதினேழு பேர ஊமையாக்கி வச்சிருக்கியே, இது என்ன உதவி?" ஷமீம் தலைகுனிந்து நின்றாள். "மணி பத்தே முக்கால். லேபுல போயி உக்காரு. நாலரைக்குள்ள எண்பதைத் தாண்டுனா உன் பேரு போகும்." பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். "அங்கன நிக்க ஆளுவளும் ஒவ்வொருத்தரா உள்ள வாங்க. பட்டியல்ல இருக்க எல்லாரும் என் முன்னால பத்து வாக்கியம்!" ஜன்னல் ஒரே நொடியில் காலியானது. ஆனால் எங்கே ஓடுவது? மத்தியானத்துக்குள் எல்லாரும் வந்து உட்கார்ந்தார்கள். மகேஷுக்கு முப்பத்தொன்று. "போலே, ஒங்கூடப் பேச்சே கிடையாது" என்று இசக்கியப்பனிடம் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்து, "பதினாலு எப்பிடில வாங்குன? அதவிடக் கம்மியா வாங்கணும்னாலும் கஷ்டம்லா" என்று வந்து பேசினான்.

லேபில் ஷமீம் பேசிக்கொண்டே இருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே இசக்கியப்பன் உட்கார்ந்திருந்தான். இரண்டு தடவை தண்ணீர் பாட்டிலை உள்ளே நீட்டினான். இருபது பாடம், நாற்பது, அறுபது. மூன்று மணிக்கு மேல் குரல் கரகரத்தது. நாலு மணிக்கு மைனாவே சந்தேகப்பட்டு ஒரே வாக்கியத்தை மூன்று தடவை கேட்டது. நாலு இருபதுக்கு அவள் இரண்டு கையையும் தூக்கினாள். எண்பத்தொன்று.

சார் பட்டியலை அனுப்பினார். பஸ்காரர்களின் பெயர்களில் மிஞ்சியது ஷமீம் பெயர் ஒன்றுதான். "இப்ப அவங்களே ஃபோன் பண்ணுவாங்க. எடுத்து, நாளைக்கு இன்டர்வியூவுக்கு வாரேன்னு இங்கிலீஷுல உறுதி சொல்லணும். எடுக்காட்டா அடுத்த பேருக்குப் போயிருவாங்க," என்று சொல்லிவிட்டு முதல்வர் அறைக்கு ஓடினார், கட்டுரை என்ன ஆயிற்று என்று பதில் சொல்ல.

இருவரும் கல்லூரி வாசலுக்கு வருவதற்குள் ஷமீமின் ஃபோன் அடித்தது. அவள் எடுத்து, வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. ஐந்தரை மணி நேரம் உழைத்த தொண்டை ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டது. மறுபடி முயன்றாள், அதுவும் இல்லை. ஃபோனில் ஒரு பெண்குரல், "ஹலோ? ஹலோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஷமீமின் கண்ணில் தண்ணீர் முட்டியது. நாள் முழுக்கப் பட்ட பாடு இந்த ஒரு 'ஹலோ'வில் போய்விடும் போலிருந்தது.

இசக்கியப்பன் ஃபோனைப் பிடுங்கினான்.

"ஹலோ மேடம். ஐ... ஐ ஷமீம் ஃபிரண்ட். ஷமீம் த்ரோட் ப்ராப்ளம். டுடே ஒன்லி. டுமாரோ ஷீ கம்மிங். ஷூர் கம்மிங்."

மறுமுனைக் குரல் எத்தனை மணிக்கு வருவாள் என்று கேட்டது. அவனுக்குப் புரிந்தது. ஆச்சரியமாக, முழுசாகப் புரிந்தது. ஷமீம் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

"டென் ஓ கிளாக், மேடம்."

"குட். ஷி இஸ் கன்ஃபர்ம்டு," என்றது குரல். உங்கள் பெயரும் பட்டியலில் இருக்கிறதா, நீங்கள் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறீர்களே என்றும் கேட்டது.

"நோ மேடம்," என்றான். "மை மார்க் ஃபோர்ட்டீன்." கூடவே சேர்த்துக்கொண்டான். "பட் மை ஓன், மேடம்."

ஷமீம் சத்தமே இல்லாமல், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.